கடையின் பெயரில் வரும் பொய் மெயில்: கண்டுபிடிப்பதும் புகார் கொடுப்பதும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் தொழிற்சாலையின் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்த 2021 ஜூலையில், இன்னும் சாலைக்கே வராத ஸ்கூட்டருக்கு 499 ரூபாய் கட்டி முன்பதிவு செய்யலாம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. முதல் 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பதிவுகள் வந்தன. அப்போது டீலர் கிடையாது, பதிவு, கடன், பணம் எல்லாமே இணையத்தில்தான். அடுத்த ஆண்டு நவம்பரில் டெல்லி போலீசார் 20 பேரைக் கைது செய்தார்கள். பெங்களூரு, குருகிராம், பாட்னா ஆகிய ஊர்களில் பிடிபட்ட அந்தக் கும்பல், ஓலாவின் இணையதளத்தைப் போலவே ஒன்றைத் தயாரித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏமாற்றியிருந்தது. நம் ஊரில் தயாராகும் வண்டியின் பெயரைச் சொல்லி, ஓசூரைத் தாண்டினால் வந்துவிடும் பெங்களூரில் உட்கார்ந்து போலித் தளம் செய்தார்கள் என்பதால், இந்த அத்தியாயத்தை இந்த வழக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர்கள் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். பெங்களூரில் இருந்த இருவர் போலித் தளத்தை உருவாக்கினார்கள். ஸ்கூட்டர் வாங்க நினைத்தவர் அதில் தன் விவரங்களைப் பதிந்ததும், அவை வேறு மாநிலங்களில் இருந்த கூட்டாளிகளுக்குப் போயின. அவர்கள் போனில் கூப்பிட்டு, முன்பதிவுக்கு 499 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அதைக் கட்டியவரிடம் இன்சூரன்ஸ், வண்டி அனுப்பும் செலவு என்று சொல்லி 60,000, 70,000 ரூபாய் வரை கேட்டார்கள்.

முதலில் கேட்ட தொகை 499. உண்மையான நிறுவனம் கேட்டதும் அதே 499. செய்தித்தாளில் படித்த தொகையையே எதிரில் இருப்பவரும் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தச் சிறு தொகையைக் கட்டிவிட்டவர் மனதளவில் வண்டிக்காரர் ஆகிவிடுகிறார். அடுத்து கேட்கப்படும் பெரிய தொகை, ஏற்கெனவே தொடங்கிய காரியத்தை முடிப்பதாகத்தான் அவருக்குத் தெரியும். ஷாப்பிங் தளங்களின் பெயரில் வரும் மோசடிகளில் இந்தச் சங்கிலியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்: விவரம், போன், சிறு தொகை, பெருந்தொகை.

நம் பகுதியில் இதற்கென்று ஒரு பருவமும் இருக்கிறது. போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் கம்பெனிகளில் தீபாவளி போனஸ் கைக்கு வரும் நேரமும், ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் ஆண்டின் பெரிய தள்ளுபடி விற்பனையை நடத்தும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். நிஜமாகவே நாலைந்து ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு, ஆர்டர் பற்றிய ஒரு பொய் மெயில் வந்தால் அது பொருத்தமாகவே தோன்றும். மோசடிக்காரருக்கு நீங்கள் என்ன ஆர்டர் செய்தீர்கள் என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. லட்சம் பேருக்கு அனுப்பினால், அதில் பல ஆயிரம் பேர் எதையோ எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஒரு மெயிலை வரிவரியாகப் பார்ப்போம்

கீழே இருப்பது இந்தப் புத்தகத்துக்காக நான் எழுதிய மாதிரி. ஆனால் நிஜத்தில் வரும் மெயில்களின் வார்ப்பு இதுதான்.

"அனுப்புநர்: அமேசான் ஆர்டர்ஸ். பொருள்: உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது. அன்புள்ள வாடிக்கையாளரே, நீங்கள் ஆர்டர் செய்த 38,999 ரூபாய் மதிப்புள்ள செல்போன் இன்று மாலை அனுப்பப்படுகிறது. இந்த ஆர்டர் உங்களுடையது இல்லையென்றால் 2 மணி நேரத்துக்குள் கீழே உள்ள பட்டனை அழுத்தி ரத்து செய்யவும். தவறினால் பணம் திருப்பித் தரப்படாது."

ஏமாந்தவரைப் பார்த்து 'பேராசைப்பட்டான், போயிடுச்சு' என்று ஊர் பேசும். இந்த மெயிலில் பேராசைக்கு இடமே இல்லை. பரிசு தருகிறேன் என்று சொல்லவில்லை, தள்ளுபடி காட்டவில்லை. யாரோ உங்கள் பணத்தில் போன் வாங்கிவிட்டதாகப் பயம் காட்டுகிறது. அதைத் தடுக்க இரண்டே மணி நேரம் தருகிறது. ஏமாறுபவர் தன் பணத்தைக் காப்பாற்றத்தான் அந்தப் பட்டனை அழுத்துகிறார். இரவு ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் வரும் ஒருவர் கையில் இது கிடைத்தால், யோசித்துப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? அந்த நேரத்தைப் பறிப்பதற்குத்தான் 'இரண்டு மணி நேரம்' என்ற வரியே எழுதப்பட்டிருக்கிறது.

அனுப்புநர் பெயரை எடுத்துக்கொள்வோம். மெயிலில் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஜிமெயில் செயலியில், அனுப்பியவர் பெயருக்குக் கீழே சிறிய அம்புக்குறி ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் முழு முகவரி விரியும். 'அமேசான் ஆர்டர்ஸ்' என்ற பெயருக்குப் பின்னால் சம்பந்தமே இல்லாத ஒரு ஜிமெயில் முகவரியோ, கேள்விப்படாத தளத்தின் முகவரியோ இருந்தால் அங்கேயே முடிந்தது. சரியான முகவரி தெரிந்தாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம். அனுப்புநர் முகவரியையே போலியாகப் போடும் வித்தையும் உண்டு.

'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று பொதுவாக அழைத்தால் பொய், பெயர் சொல்லி அழைத்தால் மெய் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். இன்று அது உதவாது. 2020-ல் பிக்பாஸ்கெட் வாடிக்கையாளர்கள் சுமார் 2 கோடி பேரின் விவரங்கள் கசிந்தன. பெயர், மெயில், செல்போன் எண், முகவரி எல்லாம் அதில் இருந்தன. அப்படிக் கசிந்தவை கைமாறிக்கொண்டே இருக்கும். எழுத்துப்பிழை இருந்தால் பொய் என்ற பாடமும் அப்படித்தான். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்துவிடும். மூன்று மொழியும் புழங்கும் நம் எல்லைப் பகுதியில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: தாய்மொழியில் நன்றாக எழுதியிருக்கிறது என்பது நம்புவதற்குக் காரணம் ஆகாது.

லிங்க்கை எப்படி வாசிப்பது

பட்டனை அழுத்தாமல் விரலை அதன் மேல் சற்று நேரம் வைத்திருந்தால், அது எங்கே போகிறது என்ற முகவரி தெரியும். கணினி என்றால் மௌஸை மேலே கொண்டுபோனாலே போதும். அந்த முகவரியில் முதல் சாய்கோடு எங்கே வருகிறது என்று பாருங்கள் ('எச்டிடிபிஎஸ்' என்பதை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்). அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியாக இருக்கும் இரண்டு துண்டுகள்தான் தளத்தின் உரிமையாளர் யார் என்று சொல்லும். 'அமேசான் டாட் இன்' என்று முடிந்தால் அது அமேசான். 'அமேசான் டாட் இன் டாட் ரீஃபண்ட்-செக் டாட் டாப்' என்று முடிந்தால், அது 'ரீஃபண்ட்-செக் டாட் டாப்' என்ற பெயரை வாங்கிய யாரோ ஒருவருடைய தளம். முன்னால் நிற்கும் அமேசான் வெறும் அலங்காரம். நாம் இடமிருந்து வலமாக வாசித்து, தெரிந்த பெயரைப் பார்த்ததும் நின்றுவிடுகிறோம். மோசடிக்காரர் நம்பியிருப்பது இந்தப் பழக்கத்தைத்தான். 'கவ் டாட் இன்', 'கோ டாட் இன்', 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிகளில் கடைசி மூன்று துண்டுகளைப் பாருங்கள்.

எழுத்திலும் விளையாடுவார்கள். ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டால், செல்போன் திரையில் அது 'எம்' போலவே தெரியும். 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 1 என்ற எண் இருக்கும். முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் தெரிந்தால், அது உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அடையாளம். அந்தத் தளம் திருடனுடையது என்றால், உங்கள் தகவல் பத்திரமாகத் திருடனிடம் போய்ச் சேரும்.

பணம் கட்டும் இடத்தில் வங்கியின் பக்கம் திறந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். இந்தியாவில் வங்கிகள் தங்கள் இணைய முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே இந்த முடிவு கிடைக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெயில் மெய்யா பொய்யா என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, அது காட்டும் வழியில் போகாமல் இருப்பதுதான் பெரிய பாதுகாப்பு. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவர், விற்பவர் சொல்லும் வயதைக் கேட்டுக்கொண்டாலும் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார். அதைப் போல, மெயில் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அதை மூடிவிட்டு, உங்கள் போனில் உள்ள கடையின் செயலியை நீங்களே திறந்து, உங்கள் ஆர்டர்கள் பகுதியைப் பாருங்கள். அங்கே அந்த ஆர்டர் இல்லையென்றால் எங்கேயும் இல்லை. அமேசானில் கணக்குப் பகுதிக்குள் 'மெசேஜ் சென்டர்' என்று ஒன்று இருக்கிறது. அமேசான் உங்களுக்கு அனுப்பிய கடிதங்கள் அதில் இருக்கும். மெயிலில் வந்தது அங்கே காணோம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

கூகுளில் கடையின் பெயரையோ 'கஸ்டமர் கேர் நம்பர்' என்றோ தேடிப் போகாதீர்கள். காசு கொடுத்து விளம்பரமாக மேலே வந்து நிற்கும் போலித் தளங்களும், போலி எண்களும் அங்கே ஏராளம்.

மெயிலோடு நிற்பதில்லை

நம் ஊரில் பலருக்கு மெயில் என்பது போன் வாங்கும்போது திறந்த கணக்கு, அவ்வளவுதான். அதனால் அதே மோசடி குறுஞ்செய்தியாகவும் வாட்ஸ்அப்பாகவும் வருகிறது. 'உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யவும்' என்று இந்திய அஞ்சல் துறையின் பெயரில் வந்த செய்தி போலியானது என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு எச்சரித்திருக்கிறது. அஞ்சல் துறையின் தளம் 'கவ் டாட் இன்' என்று முடியும். கடைகளும் வங்கிகளும் அனுப்பும் குறுஞ்செய்தி எழுத்துகளால் ஆன தலைப்பில் வரும்; 10 இலக்க செல்போன் எண்ணிலிருந்து வராது.

இன்னொன்று, டெலிவரி ஆள் என்று சொல்லிக்கொண்டு வரும் போன். "அக்கா, பார்சல் கொண்டுவந்திருக்கேன், வழி தெரியல. நான் சொல்ற நம்பரை அமுக்குங்க, ஆபீஸ்ல இருந்து கூப்பிடுவாங்க" என்பார். அவர் சொல்லும் எண் 21 என்றோ 401 என்றோ, நட்சத்திரக் குறியோடு தொடங்கும். அதை அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவர் எண்ணுக்குத் திரும்பிவிடும். வங்கி போனில் சொல்லும் ஓடிபியும் அங்கேதான் போகும். அப்படி அழுத்தியிருந்தால் உடனே ##002# என்று அழுத்தி எல்லாத் திருப்பல்களையும் நீக்கிவிடுங்கள்.

விற்பவர்களும் தப்புவதில்லை. சந்தூர் பக்கம் மாங்கன்றுப் பண்ணை வைத்திருந்து, போன் வழியாக வெளியூர் ஆர்டர் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. ராணுவ முகாமுக்கு மொத்தமாக வேண்டும், பணம் அனுப்ப இந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒருவர் சொன்னால், அவர் ராணுவத்தில் இல்லை. பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ ரகசிய எண்ணும் வேண்டாம். அவை இரண்டும் பணம் கொடுப்பதற்கு மட்டும்தான்.

அழுத்திவிட்டால்

லிங்க்கைத் திறந்தீர்கள், எதையும் நிரப்பவில்லை என்றால் பக்கத்தை மூடுங்கள். ஏதாவது செயலி இறங்கியிருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். பாஸ்வேர்டு கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் மெயில் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதன் பிறகுதான் கடையின் கணக்கு. மெயில் அவர்கள் கையில் இருந்தால், நீங்கள் மாற்றும் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் அவர்கள் திரும்ப மாற்றிக்கொள்வார்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதி அமைப்புகளில் இருக்கும். அதையும் செய்துவிட்டு இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள். எனிடெஸ்க் போன்ற செயலியை இறக்கச் சொல்லி இறக்கியிருந்தால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். உங்கள் திரை அவர்களுக்கும் தெரிந்துகொண்டிருக்கிறது.

பணம் போய்விட்டால் 1930. வேறு எதையும் யோசிக்காமல் முதலில் இந்த எண். மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் இதற்காகவே வங்கிகளையும் போலீசையும் ஒரே அமைப்பில் இணைத்து வைத்திருக்கிறது. நீங்கள் சொன்னதும் புகார் பணம் போன வங்கிக்குப் போகும்; அங்கே பணம் இன்னும் இருந்தால் அதை முடக்குவார்கள், அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் போகும். மோசடிக்காரர்கள் பணத்தைக் கணக்குவிட்டுக் கணக்கு தாண்டவைத்து ஏடிஎம்மில் எடுத்துவிடப் பார்ப்பார்கள். அதனால் முதல் மணி நேரத்தில் வரும் புகாருக்கும், நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட புகாருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அழைக்கும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை: உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, தேதி, நேரம், பரிவர்த்தனை எண். யுபிஐயில் அது யுடிஆர் என்று 12 இலக்கமாக இருக்கும். கூகுள் பேயிலோ போன்பேயிலோ அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். புகாரைப் பதிந்ததும் குறுஞ்செய்தியில் ஒரு எண் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் முழு விவரத்தையும் பதிவு செய்ய வேண்டும். போனில் சொன்னதோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

வங்கிக்கும் தனியாகச் சொல்லுங்கள். எண்ணை கார்டின் பின்பக்கத்திலிருந்து எடுங்கள். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு உங்களுடையதும் இல்லை வங்கியுடையதும் இல்லை என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றால், புகார் செய்யும் நேரம் வரை போன பணம் உங்கள் தலையில். புகார் செய்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. ஓடிபி சொல்லிவிட்டோமே, இனி என்ன கேட்பது என்று ஒதுங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காவல் நிலையத்துக்கு நேரில் போக வேண்டும் என்றால், கிருஷ்ணகிரியில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. பணி முடிந்து அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் இணையத்தில் கொடுத்த புகாரையே தொடரலாம். குற்றம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. ஓசூரில் வேலை, அத்திப்பள்ளியில் வீடு, பெங்களூரில் வங்கிக் கணக்கு என்று இருப்பவர்களை 'எங்க எல்லை இல்ல' என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆள் மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம்.

பணம் போகாதவரும் புகார் கொடுக்க வேண்டும்

பொய் என்று கண்டுபிடித்ததும் மெயிலை அழித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். கம்பெனி ஹாஸ்டலில் அடுத்த அறையில் இருப்பவருக்கும் அதே மெயில்தான் வந்திருக்கும்.

ஜிமெயிலைக் கணினியில் திறந்தால் மூன்று புள்ளிகளுக்குள் 'ரிப்போர்ட் ஃபிஷிங்' இருக்கும். செல்போனில் 'ரிப்போர்ட் ஸ்பாம்' போதும். சைபர் கிரைம் தளத்தில் சந்தேகத்துக்குரிய இணையதளம், மெயில், செல்போன் எண் ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதற்கும், ஏற்கெனவே யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பதற்கும் தனிப் பகுதி இருக்கிறது. பொய் அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் என்றால் தொலைத்தொடர்புத் துறை 2024 மார்ச்சில் சஞ்சார் சாத்தி தளத்தில் தொடங்கிய 'சக்ஷு' வசதியில் சொல்லலாம். ஆனால் சக்ஷு, பணம் போகாதவர்களுக்கு மட்டும், போனவர்களுக்கு 1930-தான்.

கம்பெனி மெயிலில் வந்திருந்தால் உங்கள் ஐடி பிரிவுக்குச் சொல்லுங்கள். கம்பெனி லைன் வாட்ஸ்அப் குரூப்பிலோ ஹாஸ்டல் குரூப்பிலோ எச்சரிக்கை போடும்போது அந்த மெயிலை அப்படியே தள்ளிவிடாதீர்கள். லிங்க் உயிரோடு போய்ச் சேரும், யாராவது அழுத்துவார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். மெயிலை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள், விசாரணைக்கு அசல் வேண்டும்.

வீட்டில் மகளோ தம்பியோ, அறையில் கூட இருப்பவரோ வந்து 'பணம் போயிடுச்சு' என்று சொன்னால், எப்படி ஏமாந்தாய் என்று அப்போது கேட்காதீர்கள். திட்டு விழும் என்ற பயத்தில் பலர் இரண்டு மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அதற்குள் பணம் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடுகிறது. அவர் பேசி முடிக்கும் முன்பே போனை எடுத்து 1930-ஐ அழுத்தி அவர் கையில் கொடுங்கள்.